சத்து மாத்திரை: மருந்துக்கடையா, வெளிநாட்டு இணையக் கடையா, ஷாப்பியா, ஊர்ப் பெட்டியா?

வைட்டமின் டி3, பி12, மீன் எண்ணெய், கால்சியம். வயதில் மூத்தவர்கள் இருக்கும் நம் வீடுகள் பலவற்றில் இவற்றில் குறைந்தது இரண்டு சாப்பாட்டு மேசையில் இருக்கும். பேட்டைக் கடைத்தொகுதியில் உள்ள மருந்துக்கடையில் ஒரு விலை, அதே புட்டிக்கு வெளிநாட்டு இணையக் கடையில் வேறொரு விலை, ஷாப்பியில் மூன்றாவது விலை. விடுமுறைக்குப் போய்வரும் சித்தப்பா திருச்சியிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தால் அது நான்காவது விலை. வித்தியாசம் ஒன்றிரண்டு வெள்ளி என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆண்டு முழுவதும், வீட்டில் மூன்று நான்கு பேருக்கு என்று கூட்டிப் பார்த்தால்தான் கை கணக்குப் போடத் தொடங்குகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டி3, பி12, மெக்னீசியம், மீன் எண்ணெய் போன்ற ஒற்றைச் சத்து மாத்திரைகளை வெளிநாட்டுச் சிறப்பு இணையக் கடையில் வாங்கலாம். இரும்புச்சத்து, குழந்தைகளுக்கானவை, குளிரில் இருக்க வேண்டிய புரோபயாட்டிக் (குடலுக்கு நல்லதென்று விற்கும் உயிருள்ள நுண்ணுயிர்) ஆகியவற்றை உள்ளூர் மருந்துக்கடையில் வாங்குங்கள். ஷாப்பி, லசாடா, அமேசான் போன்ற பொதுச் சந்தைத் தளங்களில் பிராண்டின் அதிகாரபூர்வக் கடையைத் தவிர வேறு யாரிடமும் வாங்க வேண்டாம். ஊரிலிருந்து வருவதை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், சட்டம் எவ்வளவு தூரம் நமக்குக் காவல் நிற்கிறது என்பதில் இருக்கிறது. "சிங்கப்பூரில் விற்கிறார்கள் என்றால் அரசாங்கம் சோதித்துத்தான் விட்டிருக்கும்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மருந்துகளுக்கு அது பொருந்தும். சத்து மாத்திரைகளுக்குப் பொருந்தாது. இவற்றை இறக்குமதி செய்யவோ விற்கவோ சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் விற்பவர்தான் பொறுப்பு. ஆணையம் விதிகளை வகுத்து வைத்திருக்கிறது: ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, ஆர்செனிக் 5, பாதரசம் 0.5, கேட்மியம் 0.3. வைட்டமின்களுக்கு நாளொன்றுக்கான உச்ச அளவும் உண்டு. டி வைட்டமினுக்கு அது 1000 ஐயு (வைட்டமினை அளக்கும் பன்னாட்டு அலகு). நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யவும் கூடாது. இந்த விதிகளை மீறுபவரை ஆணையம் பிடிக்கிறது, எச்சரிக்கை வெளியிடுகிறது, தளங்களிலிருந்து பொருளை நீக்கச் சொல்கிறது. ஆனால் இதில் பெரும்பகுதி பொருள் சந்தைக்கு வந்த பிறகு நடப்பது.

அதனால் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் புட்டியில் ஏதாவது கோளாறு என்றால் யாரைப் பிடிப்பது என்பது. உள்ளூரில் கிளை வைத்திருக்கும் மருந்துக்கடை என்றால் பதில் உடனே கிடைக்கும். வெளிநாட்டுக் கடை என்றால் பாதி பதில் கிடைக்கும். பொதுச் சந்தையில் மூன்று மாதத்துக்கு முன் கணக்குத் திறந்த ஒரு விற்பனையாளர் என்றால் பதிலே கிடையாது.

வெளிநாட்டுச் சிறப்புக் கடைகள்

சிங்கப்பூர்வாசிகள் பலருக்கும் பழக்கமானது ஐஹெர்ப். 1996இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கடை. யார் வேண்டுமானாலும் சரக்கைக் கொண்டுவந்து விற்கும் சந்தையாக அது நடப்பதில்லை. பிராண்டுகளிடமோ அவற்றின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களிடமோ வாங்கித் தன் கிடங்கிலிருந்து அனுப்புவதாகச் சொல்கிறது. ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் எந்தத் தேதி வரை நன்றாக இருக்கும் என்பதைப் போட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் இத்தகைய கடைகளை மதிக்கிறேன். பாதி விலைக்குக் கிடைக்கும் புட்டி இன்னும் நான்கு மாதத்தில் காலாவதியாகப் போகிறது என்பது காசு கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

ஒரே பிராண்டு, ஒரே அளவு என்று வைத்துப் பார்த்தால் விலை பெரும்பாலும் உள்ளூர் மருந்துக்கடையைவிடக் குறைவாகவே இருக்கும். தெரிவும் அதிகம். சைவக் காப்ஸ்யூல், பசும்பால் கலக்காதது, சர்க்கரை இல்லாதது என்று வடிகட்டித் தேடலாம். ஆனால் வரியைச் சேர்த்துப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் விமானத்திலோ அஞ்சலிலோ வரும் 400 வெள்ளி வரையிலான பொருளுக்கும் பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர் பொருள், சேவை வரியை வசூலிக்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் அந்த வரி 9 விழுக்காடு. கூடையில் காட்டும் தொகையைப் பார்த்து மயங்காமல், கட்டணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகையைத்தான் உள்ளூர் விலையோடு ஒப்பிட வேண்டும். சில நேரம் வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடுகிறது.

இன்னொன்று, அளவு. சொந்தப் பயன்பாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது மூன்று மாதத் தேவைக்கு மேல் போகக்கூடாது. 360 மாத்திரை உள்ள பெரிய புட்டி மலிவாகத் தெரியும். நான்கு பேர் சாப்பிடும் வீட்டுக்கு அது மூன்று மாதச் சரக்கு. தனியாளுக்கு ஒரு வருடச் சரக்கு. நம் ஊர் ஈரப்பதத்தில் மூடியைத் திறந்த புட்டியை ஒரு வருடம் வைத்திருப்பதும் நல்லதல்ல.

இந்தக் கடைகளின் உண்மையான ஆபத்து போலிச் சரக்கைவிட அதிகச் சரக்குதான். அமெரிக்கச் சந்தைக்கான டி3 மாத்திரைகள் 5000, 10,000 ஐயு என்று சர்வசாதாரணமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க மருத்துவ வல்லுநர்களே எழுபது வயது வரையுள்ள பெரியவர்களுக்கு நாளுக்கு 600 ஐயு, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 800 ஐயு என்கிறார்கள். அவர்கள் சொல்லும் உச்சவரம்பு 4000. விலை ஒன்றாக இருக்கிறதே என்று பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மருத்துவர் சொல்லாமல் 1000ஐத் தாண்ட வேண்டிய தேவை வீட்டில் யாருக்கும் இருக்காது.

"எஃப்டிஏ ஒப்புதல் பெற்றது", அதாவது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றது, என்ற வரி எந்தச் சத்து மாத்திரையின் விளம்பரத்தில் இருந்தாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். 1994இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி சத்து மாத்திரைகள் விற்பனைக்கு வரும் முன் எஃப்டிஏ அவற்றுக்கு ஒப்புதல் தருவதே இல்லை. தேட வேண்டியது வெளியார் சோதனை முத்திரைகளை. யுஎஸ்பி என்ற அமெரிக்க மருந்துத் தர அமைப்பின் முத்திரை இருந்தால், லேபிளில் சொன்ன சத்து சொன்ன அளவில் உள்ளே இருக்கிறது, வயிற்றில் கரைகிறது, மாசுகள் வரம்புக்குள் இருக்கின்றன என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். நேச்சர் மேட் பிராண்டின் பல மாத்திரைகளில் அது உண்டு. விளையாட்டு வீரர்களுக்கு என்எஸ்எஃப் விளையாட்டுச் சான்று. மீன் எண்ணெய்க்கு ஐஎஃப்ஓஎஸ் சோதனை. ஆஸ்திரேலியச் சந்தைக்கான புட்டியில் 'ஆஸ்ட் எல்' என்று தொடங்கும் எண் இருந்தால், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் பட்டியலிடப்பட்ட பொருள் என்று அறியலாம். மாத்திரை வேலை செய்யும் என்று அந்த எண் சான்று சொல்வதில்லை. முறையான ஆலையில் தயாரானது என்பதற்கு அது போதும்.

புட்டியின் விலையை விட்டுவிட்டுச் சத்தின் விலையைப் பாருங்கள்

இந்த ஒப்பீட்டில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான் என்பதால் மீன் எண்ணெயை எடுத்து விரிவாகச் சொல்கிறேன். புட்டியின் முன்பக்கத்தில் '1000 மில்லிகிராம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது எண்ணெயின் எடை. நமக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் இபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள். புட்டியைத் திருப்பிப் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படித்தால் சாதாரண மீன் எண்ணெயில் இபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக 300 மில்லிகிராம் என்று இருக்கும். மீதி வெறும் எண்ணெய். அடர்த்தி கூட்டிய வகைகளில் ஒரே காப்ஸ்யூலில் 600, 700 வரை இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் புட்டி 24 வெள்ளி, 100 காப்ஸ்யூல், ஒவ்வொன்றிலும் 300. மொத்தம் 30,000 மில்லிகிராம். ஆயிரம் மில்லிகிராமுக்கு 80 காசு. இரண்டாவது புட்டி 36 வெள்ளி, 90 காப்ஸ்யூல், ஒவ்வொன்றிலும் 700. மொத்தம் 63,000. ஆயிரத்துக்கு 57 காசு. விலை கூடுதலான புட்டிதான் மலிவு. விழுங்க வேண்டிய உருண்டைகளும் பாதிக்கும் குறைவு. இதைக் கைத்தொலைபேசியிலேயே அரை நிமிடத்தில் போட்டுவிடலாம். விலையை, காப்ஸ்யூல் எண்ணிக்கையும் ஒரு காப்ஸ்யூலில் உள்ள சத்தும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் போதும். "ஒரு வேளை" என்று லேபிள் சொல்வது ஒரு காப்ஸ்யூலா, இரண்டா, மூன்றா என்பதை மட்டும் கவனியுங்கள். அந்த எண்ணை மாற்றி வைத்துத்தான் பல புட்டிகள் கண்ணை ஏய்க்கின்றன.

கால்சியத்திலும் இதே கதை. கால்சியம் கார்பனேட்டின் எடையில் 40 விழுக்காடு கால்சியம், சிட்ரேட்டில் 21 விழுக்காடுதான். அதனால் கார்பனேட் மலிவாகவும் மாத்திரை சிறியதாகவும் இருக்கும். ஆனால் அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் சாப்பிடும் அம்மாவுக்குச் சிட்ரேட்தான் பொருந்தும், விலை கூடுதலானாலும். மெக்னீசியத்திலும் ஆக்சைடு மலிவு, ஆனால் உடலில் சேர்வது குறைவு, சிலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும்.

சைவர்களுக்கு ஒரு கணக்கு கூடுதலாக உண்டு. மெத்தென்று இருக்கும் காப்ஸ்யூல்கள் பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்தது. டி3 பொதுவாக ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து தயாராகிறது. அதற்கு மாற்றாகக் கல்பாசி வகையிலிருந்து எடுத்த டி3 கிடைக்கிறது. மீன் எண்ணெய்க்குப் பதிலாகக் கடற்பாசி எண்ணெய், அதிலும் டிஎச்ஏ உண்டு. இவற்றைக் கடை அடுக்குகளில் தேடி அலைவதைவிட வெளிநாட்டு இணையக் கடையில் தேடுவது எளிது. விலை கூடுதல்தான். பி12 மட்டும் இந்தப் பிரச்சினை இல்லாதது. நாக்கில் கரையும் மாத்திரையாக, மலிவாக, சைவமாகவே கிடைக்கிறது. முட்டைகூடச் சாப்பிடாத வீட்டில் ஒரே ஒரு புட்டிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் பி12ஐத்தான் சொல்வேன்.

பொதுச் சந்தைத் தளங்கள்

ஷாப்பியும் லசாடாவும் நம் அன்றாடத்தோடு கலந்துவிட்டன. 11.11, 12.12 விற்பனை நாள்களில் கழிவுச் சீட்டு, நாணயம், இலவச விநியோகம் என்று சேர்த்தால் வேறெங்கும் கிடைக்காத விலை அமையும். அந்த விலை பிராண்டின் அதிகாரபூர்வக் கடையிலோ பெரிய மருந்துக்கடை அங்கே திறந்திருக்கும் கடையிலோ கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். ஷாப்பி மால், லாஸ்மால் என்ற அடையாளத்தைப் பார்த்துவிட்டு, கடையின் பெயரைத் தட்டி உள்ளே போய் அதே பிராண்டுதான் நடத்துகிறதா என்றும் பாருங்கள்.

மற்ற விற்பனையாளர்களிடம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், போலி எது என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. 2019இல் அமெரிக்காவில், அலைன் என்ற புரோபயாட்டிக்கின் போலி அமேசான் தளத்தில் வெளி விற்பனையாளர் மூலம் விற்கப்பட்டது தெரியவந்தது. வாங்கியவர்களுக்கு அமேசானே எழுதி, சாப்பிட வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தந்தது. பெரிய தளம் என்பதால் போலிச் சரக்கு நுழையாது என்று சொல்ல முடியாது. அமேசானில் வாங்கினால் 'விற்பவர்' யார், 'அனுப்புபவர்' யார் என்ற இரண்டு வரிகளையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

அதைவிட மோசமானவை உடல் மெலிய, மூட்டுவலி போக, ஆண்மை பெருக என்று விற்பவை. சுகாதார அறிவியல் ஆணையத்தின் எச்சரிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது இவைதான். மெலிய வைக்கும் பொடிகளிலும் காப்பியிலும் சிபுட்ரமின் கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இலேயே சிங்கப்பூர்ச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்ட மருந்து அது. மூட்டுவலி மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று விமர்சனத்தில் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். உண்மைதான், ஸ்டீராய்டு அப்படித்தான் வேலை செய்யும். மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கு முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. "இயற்கை மூலிகை, பக்கவிளைவே இல்லை, உடனடிப் பலன்" என்ற மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தாமாக நிறுத்தச் சொல்லாமல் மருத்துவரிடம் புட்டியோடு அழைத்துப் போங்கள்.

உள்ளூர் மருந்துக்கடை

கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி மூன்றுக்கும் இணையத்தளம் உண்டு. பட்டியல் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். இவை பட்டியல் விலைக்கு வாங்கும் கடைகள் அல்ல. இரண்டாவது புட்டிக்குப் பாதி விலை, உறுப்பினர் கழிவு என்று மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கும். அந்த வாரத்துக்குக் காத்திருந்து வாங்கினால் வெளிநாட்டு விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். மருந்தாளர் இருக்கும் கிளைக்கு நேரில் போனால் விலையில்லாத ஆலோசனையும் கிடைக்கும். "அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார், இதைக் கொடுக்கலாமா?" என்ற கேள்விக்கு எந்த இணையக் கடையும் பொறுப்பாகப் பதில் சொல்லாது.

புரோபயாட்டிக்கை இங்கேதான் வாங்க வேண்டும் என்று நான் சொல்வது வெப்பத்தை நினைத்து. 30 பாகை தாண்டும் நண்பகலில் விநியோக வண்டியில் கிடந்து, பிறகு வீவக வீட்டு வாசலில் காலணி அடுக்கின் மேல் மாலைவரை காத்திருக்கும் பொட்டலத்தில் உயிருள்ள நுண்ணுயிர் எவ்வளவு மிஞ்சும்? 'குளிர்பதனத்தில் வைக்கவும்' என்று எழுதியிருப்பதைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து விற்கும் கடையில் வாங்குங்கள். கம்மி மிட்டாய் வடிவ வைட்டமின்களும் அஞ்சலில் வந்தால் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கட்டியாகிவிடும். குழந்தைக்கு எத்தனை கொடுக்கிறோம் என்றே தெரியாமல் போகும். இரும்புச்சத்து உள்ளதென்றால் அது விளையாட்டல்ல. சிறு குழந்தைகள் இரும்பு மாத்திரையை மிட்டாய் என்று அள்ளி விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. இரும்பைப் பொறுத்தவரை பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, குறைவு உறுதியான பிறகு மருத்துவர் சொல்லும் அளவை வாங்குவதே சரி.

ஊரிலிருந்து

இந்திய விலைக்கு முன்னால் எந்தக் கடையும் நிற்க முடியாது. பெகோசூல்ஸ், ஷெல்கால் போன்றவை நம் பெற்றோர் காலத்திலிருந்தே பழகியவை. ஒரு மாதத் தேவைக்குச் சில அட்டைகள் கொண்டுவருவதில் குறை சொல்ல எதுவுமில்லை, ரசீதோடு நல்ல மருந்துக்கடையில் வாங்கியிருந்தால்.

இரண்டு பொருளில் மட்டும் கறாராக இருங்கள். ஒன்று, 60,000 ஐயு டி3 பொடியும் காப்ஸ்யூலும். மருத்துவர் வாரத்துக்கு ஒன்று, இத்தனை வாரத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுப்பது அது. பெட்டியில் வந்து சேரும்போது அந்தச் சீட்டு கூட வருவதில்லை. வைட்டமின்தானே என்று பாட்டி தினம் ஒன்று சாப்பிட்டால், இங்குள்ள உச்ச அளவைப்போல் அறுபது மடங்கு. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை கெடும். இன்னொன்று, பஸ்பம், செந்தூரம் (உலோகங்களைப் புடமிட்டுச் செய்யும் பொடிகள்) சேர்ந்த மாத்திரைகளும் பெயர் தெரியாத லேகியங்களும். ஈயமும் பாதரசமும் வரம்பு மீறியிருப்பது இவற்றில் பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. அஸ்வகந்தாவையும் மஞ்சள் சாறு மாத்திரையையும் நம்முடையது என்ற உரிமையில் கேள்வி கேட்காமல் விழுங்குகிறோம். டென்மார்க் 2023இல் அஸ்வகந்தாவைத் தடை செய்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியா, மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது பற்றி எச்சரித்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் மிளகுச் சாறு சேர்த்து அடர்த்தியாக்கிய மாத்திரைக்கும் தூரம் அதிகம்.

எங்கே வாங்கினாலும் புட்டி கைக்கு வந்ததும் முத்திரை உடையாமல் இருக்கிறதா, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சில் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் சாப்பிடாமல் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். உள்ளூர் விற்பனையாளர் மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். சாப்பிட்டபின் உடம்புக்கு ஆகவில்லை என்றால் மருத்துவரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

கூடையில் போடுவதற்கு முன் வீட்டில் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதையும் எழுதிப் பாருங்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும், இரும்புக்கும்கூட, நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். தலைமுடிக்கென்று விற்கும் பயோட்டின் அதிக அளவில் உடலில் இருந்தால் தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகள் தவறாக வரலாம். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அதைச் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவருக்குப் பி12 குறைவது உண்டு. அடுத்த முறை பலதுறை மருந்தகத்தில் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும்போது பி12ஐயும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடிவு வந்த பிறகு எந்தப் புட்டி, எத்தனை மைக்ரோகிராம் என்று தேடலாம்.